உயர் ரத்த அழுத்தமும் பிரசவ வலியும்: தாய் சேய் நலக் கணக்கில் விடுபட்ட ஒரு பத்தி

புது தில்லி: மகப்பேறு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து வரும் பதிலின் வடிவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கின்றனர், மருத்துவமனையில் நிகழும் பிரசவம் எத்தனை சதவீதம், அதில் சிசேரியன் எத்தனை சதவீதம் என்று மூன்று எண்கள். அவற்றைத் தொடர்ந்து மத்தியத் திட்டங்களின் பெயர்ப் பட்டியல். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த வடிவம் மாறியதில்லை.

இந்த எண்கள் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. 2001-03-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 301 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2020-22-இல் 88 ஆகக் குறைந்தது. 2005-06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்போது மருத்துவமனைப் பிரசவங்கள் 38.7 சதவீதம் மட்டுமே. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 88.6 சதவீதம். 2005-இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனாவும், 2011-இல் தொடங்கிய இலவசப் பிரசவத் திட்டமும் கிராமத்துப் பெண்ணை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

வாசலைத் தாண்டி உள்ளே சென்ற பின், எட்டு மணி நேரமோ பதினான்கு மணி நேரமோ நீளும் பிரசவ வலியின்போது அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை வலி நிவாரணம் என்பது கண்ணியமும் விருப்பமும் சார்ந்த விஷயம். ஆனால் ரத்த அழுத்தம் உயர்ந்த நிலையில் பிரசவ அறைக்குள் நுழையும் பெண்ணின் நிலை வேறு. அவருக்கு வலி நிவாரணம் சிகிச்சையின் ஒரு பகுதி. இந்த வேறுபாடு நமது மகப்பேறு கொள்கை விவாதத்தில் இன்னும் இடம் பெறவில்லை.

வலியும் அழுத்தமும்: கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பின் மேல் அழுத்தம் 140 அல்லது கீழ் அழுத்தம் 90 என்ற அளவை எட்டினால் அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமாகக் கொள்ளப்படுகிறது. அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவது, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படுவது போன்றவை சேரும்போது நோய் தீவிரமடைகிறது. 160-க்கு 110 என்ற அளவைத் தொட்டால் அது அவசர நிலை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் மூளையில் ரத்தக் கசிவு, வலிப்பு, நுரையீரலில் நீர் கோத்தல் என எதுவும் நேரலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குழந்தையின் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

பிரசவ வலி உச்சத்தை அடையும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் பெருகுகின்றன. இதயத் துடிப்பு வேகமெடுக்கிறது. ரத்த நாளங்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு வலிக்கும் ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. ஆரோக்கியமான பெண்ணின் உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நாளங்கள் இறுகிக் கிடக்கும் பெண்ணுக்கு இது கூடுதல் சுமை. கர்ப்பப்பைக்குச் செல்லும் ரத்தமும் குறைகிறது.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் முறைக்கு எபிடியூரல் என்று பெயர். பெண் விழித்திருப்பார், பேசுவார், குழந்தையை முக்கித் தள்ளவும் முடியும். வலி மட்டும் பெருமளவு தணியும். வலி தணிவதால் அந்தச் சுரப்புகள் குறைகின்றன. ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் மட்டுப்படுகிறது. இதனால்தான் மகப்பேறு மயக்கவியல் பாடநூல்கள், தடை ஏதும் இல்லாத உயர் ரத்த அழுத்தப் பெண்ணுக்கு எபிடியூரலை ஏற்ற முறையாகக் குறிப்பிடுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. உண்மையில் அதுவே முதன்மையானது. இத்தகைய பெண்களில் கணிசமானோருக்குப் பிரசவத்தின் நடுவே திடீரென அறுவை சிகிச்சை தேவைப்படும். முதுகில் குழாய் முன்பே இருந்தால், அதன் வழியாகவே வலுவான மருந்தைச் செலுத்தி அறுவையைத் தொடங்கிவிடலாம். இல்லாவிட்டால், அவசரத்தில் முழு மயக்கம் கொடுக்க நேரும். உயர் ரத்த அழுத்தத்தால் தொண்டை வீங்கியிருக்கும் பெண்ணுக்கு மூச்சுக்குழாய் செருகுவது கடினம். செருகும் அந்த நொடியில் ரத்த அழுத்தம் மேலும் துள்ளி ஏறுகிறது. மூளை ரத்தக் கசிவு அப்போது நேரக்கூடும். எனவே குழாயை முன்கூட்டியே செருகி வைப்பது, வரவிருக்கும் ஆபத்துக்கு எதிரான ஏற்பாடாகவும் ஆகிறது.

ஸ்காட்லாந்தில் 2007 முதல் 2019 வரை பிரசவித்த 5,67,216 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2024-இல் வெளியான ஆய்வு இங்கு கவனிக்கத்தக்கது. எபிடியூரல் பெற்ற பெண்களிடையே கடுமையான பேறுகாலப் பாதிப்புகள் 35 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. மருத்துவக் காரணத்துக்காக எபிடியூரல் தேவைப்பட்ட பெண்களிடையே அந்தக் குறைவு சுமார் பாதி. இது பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு. எபிடியூரல் பெற்றவர்கள் கூடுதலாகக் கண்காணிக்கப்பட்டதும் பலனுக்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும், ஆபத்து மிகுந்த பெண்ணுக்கே பலன் மிகுதி என்ற போக்கு மருத்துவ அறிவுக்கு ஒத்துப்போகிறது.

மருந்துக்கு மாற்று அல்ல: எபிடியூரலை ரத்த அழுத்தத்துக்கான மருந்தாகக் கருதுவது தவறு. லபெடலால், நிஃபெடிபின், ஹைட்ரலசின் ஆகியவற்றின் இடத்தை அது நிரப்பாது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டுக்கும் அது மாற்று இல்லை. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, மக்னீசியம் சல்பேட் வலிப்பு ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைப்பதை ஐயமற நிறுவியது.

எல்லோருக்கும் எபிடியூரல் பொருந்துவதும் இல்லை. இந்நோய் முற்றும்போது சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் வேகமாகச் சரிகின்றன. ரத்தம் உறையாத நிலையில் முதுகில் ஊசி செலுத்தினால், தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 70,000-க்கு மேல் தட்டணுக்கள் இருந்தால் பொதுவாகச் செலுத்தலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடு. நேற்றைய பரிசோதனைச் சீட்டு இதற்கு உதவாது. சில மணி நேரத்துக்குள் எடுத்த கணக்கு வேண்டும். மருந்தின் அளவு கூடினால் அழுத்தம் ஒரேயடியாக விழுந்து குழந்தைக்கு ரத்தம் குறையும். அதைச் சரிக்கட்ட நரம்பில் நீர்மத்தை அள்ளி ஊற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

ஆக, இரவு இரண்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடம் திறந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்க்கச் செவிலியர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மயக்கவியல் மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் எபிடியூரல் போடுவது, போடாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

மலிவான ஊசியின் சிக்கல்: எபிடியூரல் இல்லாத அரசுப் பிரசவ அறைகளில் வலிக்கு எதுவுமே தரப்படுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. தசையில் போடப்படும் பெத்திடின், டிரமடால் ஊசிகள் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளன. விலை குறைவு, மயக்கவியல் மருத்துவரும் தேவையில்லை. ஆனால் பெத்திடின் உடலில் சிதைந்து உருவாகும் பொருள் வலிப்பைத் தூண்டக்கூடியது. டிரமடாலுக்கும் அந்த இயல்பு உண்டு. வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று மக்னீசியம் செலுத்தப்படும் பெண்ணுக்கு, வலிப்பைத் தூண்டக்கூடிய ஊசியால் வலி நிவாரணம் தருவதில் உள்ள முரண் வெளிப்படையானது. பெத்திடின் குழந்தையின் மூச்சையும் மந்தப்படுத்தும். அதாவது, ஏழைப் பெண்ணுக்கு எளிதில் கிடைக்கும் நிவாரணம், உயர் ரத்த அழுத்தம் உள்ள ஏழைப் பெண்ணுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது.

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவை முகமூடி வழியாகப் பெண்ணே தேவைக்கேற்ப உள்ளிழுக்கும் முறை பிரிட்டனில் அன்றாடப் பழக்கம். வலியை முழுதாகப் போக்காது. தாங்கும் அளவுக்குக் குறைக்கும். செவிலியர் மேற்பார்வையே போதும். உயர் ரத்த அழுத்தம் இதற்குத் தடையில்லை. இங்கோ சில பெரிய மருத்துவமனைகளுக்கு அப்பால் அந்த உருளையைக் காண்பது அரிது.

மயக்கவியல் மருத்துவர் எங்கே: மத்திய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி 2022 மார்ச் 31 அன்று நாட்டின் ஊரகச் சமுதாய நல மையங்களில் சிறப்பு மருத்துவர்களுக்கான பற்றாக்குறை 79.5 சதவீதம். மகப்பேறு மருத்துவருக்கு மட்டும் 74.2 சதவீதம். இந்த எண்கள் அவையில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன; கண்டனக் குரல்களும் எழுந்துள்ளன. அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. சமுதாய நல மையம் என்ற அமைப்பு வகுக்கப்பட்டபோது அதற்கு உரியவர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் நால்வர்: அறுவை மருத்துவர், பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர். மேற்சொன்ன 79.5 சதவீதம் இந்த நால்வரை வைத்துப் போடப்பட்ட கணக்கு. அறுவை மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் எண்ணியவர்கள், மயக்கவியல் மருத்துவர் இல்லாமல் அவ்விருவரும் கத்தியைத் தொட முடியாது என்பதை முதல் நால்வரைக் குறிக்கும்போது எண்ணவில்லை. பின்னர் வந்த பொது சுகாதாரத் தர நிர்ணயங்கள் மயக்கவியல் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டன. இருப்பினும் தலைப்புச் செய்தியாகும் சதவீதம் பழைய நால்வரையே சுற்றி வருகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்க மருந்துப் பயிற்சி அளிக்கும் திட்டம் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் விரிவுபடுத்தப்பட்டது. தொடக்கத்தில் அது 18 வாரப் பயிற்சி. சிறப்பு மருத்துவர் செல்ல மறுக்கும் வட்டங்களில் அவசர சிசேரியனுக்கு வழி செய்தது என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. ஆனால் அதன் நோக்கம் தாயின் உயிரைக் காக்கும் அறுவை. பல மணி நேரம் பெண்ணின் அருகிலிருந்து எபிடியூரலைக் கவனிப்பது அந்தப் பயிற்சியின் இலக்கில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. மாவட்ட மருத்துவமனையில் பணியில் இருக்கும் ஒரே மயக்கவியல் மருத்துவர் விபத்து, குடல்வால், சிசேரியன் என்று அறுவை அரங்கங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரசவ அறையில் காத்திருக்கும் பெண்ணின் வலி அவரது முன்னுரிமைப் பட்டியலில் கடைசியில்தான் வரும். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

பணிகளை மாற்றியமைக்க அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு மக்னீசியம் சல்பேட்டே சான்று. வலிப்பு கண்ட பெண்ணுக்கு முதல் தவணை ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போட்டு, மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி அனுமதித்தது. மருத்துவர் கையைவிட்டு அகலக் கூடாது என்று கருதப்பட்ட மருந்து துணை மையம் வரை சென்றது. வலி நிவாரணத்தில் இத்தகைய துணிவு காட்டப்படவில்லை. 2018-இல் வெளியான மருத்துவச் சேவை வழிகாட்டியின்படி உருவாக்கப்படும் பேறுகாலச் செவிலியர்களிடமும், 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியச் செவிலியர், மகப்பேறுச் செவிலியர் ஆணையச் சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் பாடத்திட்டத்திலும் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. வாயு உருளையைக் கையாள்வதையும், எபிடியூரல் போடப்பட்ட பெண்ணைக் கண்காணிப்பதையும் அவர்களது பணியாக வரையறுத்தால், மயக்கவியல் மருத்துவரின் சுமையில் ஒரு பகுதி இறங்கும்.

சிசேரியன் விவாதத்தின் மறுபக்கம்: நாடாளுமன்றத்தில் மகப்பேறு தொடர்பாக அதிகம் பேசப்படுவது சிசேரியன் பெருக்கம். ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 21.5 சதவீதப் பிரசவங்கள் அறுவை மூலம் நிகழ்ந்தன. அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதம். தெலங்கானாவில் 60.7 சதவீதம், தமிழகத்தில் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளின் லாப நோக்கைக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் சாடுகின்றனர். அது நியாயமான சாடலே.

ஆனால் பெண்களும் அவர்களது குடும்பத்தாரும் அறுவையைக் கேட்டுப் பெறுவதற்கு வலி பற்றிய அச்சம் ஒரு முக்கியக் காரணம் என்பதை மகப்பேறு மருத்துவர்கள் நன்கறிவர். வலியில்லாப் பிரசவம் என்ற ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு, வலியிலிருந்து தப்ப அறுவையைத் தவிர வேறு கதவு இல்லை. எபிடியூரல் போட்டால் சிசேரியன் கூடும் என்றொரு நம்பிக்கை மருத்துவர்களிடையேகூட நிலவுகிறது. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டது. சிசேரியனைக் குறைக்க வேண்டும் என்று முழங்கும் அவை, அதற்கு மாற்றான வழியைத் திறப்பது பற்றிக் கேட்காமல் இருப்பது விந்தை.

வலி என்பது தாய்மையின் விலை என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த எண்ணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1853-இல் விக்டோரியா மகாராணி பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் ஏற்றுக்கொண்டபோது லண்டனின் மருத்துவ உலகிலேயே முணுமுணுப்பு எழுந்தது. மகாராணி ஏற்றதால் முணுமுணுப்பு அடங்கியது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் படுத்திருப்பவருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. அவர் கூச்சலிட்டால் அதட்டல்தான் கிடைக்கும் என்பதை மத்திய அரசே மறைமுகமாக ஒப்புக்கொண்டுள்ளது. பிரசவ அறையின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட லக்ஷ்யா திட்டம், கண்ணியமான பேறுகாலப் பராமரிப்பைத் தன் இலக்குகளுள் ஒன்றாக அறிவித்தது. பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் துணையிருக்கலாம் என்று 2016-இல் அனுமதிக்கப்பட்டது. செலவே இல்லாத இந்தத் துணை, வலியைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டுகிறது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை.

போதைப் பொருள் சட்டத்தின் நிழல்: எபிடியூரலில் மரத்துப்போகச் செய்யும் மருந்துடன் சிறிதளவு ஃபெண்டனில் சேர்ப்பது வழக்கம். அப்போதுதான் குறைந்த மருந்தில் வலி தணியும். கால்கள் முற்றாக மரத்துப்போகாது. ஃபெண்டனில் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவது. 1985-இல் அச்சட்டம் வந்தபின், கடும் தண்டனைக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட உரிம விதிகளுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் இத்தகைய மருந்துகளை வாங்கி வைப்பதையே தவிர்த்தன. 15-வது மக்களவையின் இறுதிக் கூட்டத்தொடரில், 2014 பிப்ரவரியில், அமளிகளுக்கிடையே சத்தமின்றி நிறைவேறிய திருத்தம், அத்தியாவசிய போதை மருந்துகள் என்ற புதிய பிரிவை உருவாக்கி நாடு முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. மார்ஃபினும் ஃபெண்டனிலும் அந்தப் பட்டியலில் உள்ளன. புற்றுநோயாளிகளின் வலியை முன்னிறுத்திப் போராடியவர்களின் வெற்றி அது. பிரசவ அறைக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. பத்தாண்டுகள் கடந்தும் அதன் வழியே சென்ற அரசு மருத்துவமனைகள் குறைவு. சட்டம் மாறினாலும் மருந்துக் கிடங்குக் காப்பாளரின் அச்சம் எளிதில் மாறாது.

நீதிமன்றங்களின் பார்வை: 2010 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் அளித்த தீர்ப்பு, பேறுகாலச் சிகிச்சை பெறுவதை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் 2012-இல், கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கடந்து உயிர் பிழைக்கப் பெண்ணுக்கு இயலாமல் போவது அந்தப் பிரிவை மீறுவதாகும் என்று கருதியது. இரண்டுமே உயிர் பிழைத்தலைப் பற்றியவை. வலி நிவாரணத்தை உரிமையாகக் கோரும் வாதத்தைவிட, உயர் ரத்த அழுத்தப் பெண்ணின் உயிர்ப் பாதுகாப்பில் அது ஓர் அங்கம் என்ற வாதம் இத்தீர்ப்புகளின் வரம்புக்குள் எளிதில் அடங்கும்.

கேரளமும் சீனமும்: தாய் இறப்பைக் குறைத்த மாநிலங்கள் அடுத்துச் சந்திப்பது உயர் ரத்த அழுத்தத்தையே. 2001-03-இல் நாட்டில் நிகழ்ந்த தாய் இறப்புகளில் ரத்தப்போக்கின் பங்கு 38 சதவீதமாகவும் உயர் ரத்த அழுத்தத்தின் பங்கு 5 சதவீதமாகவும் பதிவாகின. ரத்தப்போக்கைத் தடுப்பதில் முன்னேறும்போது, எஞ்சி நிற்கும் மரணங்களில் அழுத்தத்தின் பங்கு கூடித் தெரிவது இயல்பு. 2004 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வரும் கேரளம், ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம் ஆகிய இரண்டையும் முதன்மைக் காரணங்களாகக் கண்டு, பிரிட்டனின் நைஸ் அமைப்புடன் சேர்ந்து அவ்விரண்டுக்கும் சிகிச்சைத் தரங்களை வகுத்தது. 2018-20-இல் அம்மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 19, தமிழகத்தில் 54, உத்தரப் பிரதேசத்தில் 167, அசாமில் 195.

சீனாவின் அணுகுமுறை வேறு. பிரசவ வலி நிவாரணத்தை நாடு தழுவிய இலக்காக அறிவித்து, 2018-இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில் 913 மருத்துவமனைகளைச் சேர்த்தது. அங்கும் மயக்கவியல் மருத்துவர் பற்றாக்குறை உண்டு; வலியைச் சகிப்பதே பெண்மை என்ற எண்ணமும் உண்டு. அந்நாட்டின் கவலை குறைந்துவரும் பிறப்பு விகிதம் என்பதால், அதன் நோக்கத்தை அப்படியே இங்கு பொருத்த இயலாது. எண்ணிக்கையை வரையறுத்து, பெரிய மருத்துவமனைகளிலிருந்து தொடங்கியது மட்டும் இங்கும் பின்பற்றத்தக்கது.

மாநிலமா, மத்தியா: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்பது இத்தகைய கேள்விகளுக்கு அமைச்சகம் வழக்கமாகத் தரும் விடை. சட்டப்படி அது சரி. ஆனால் லக்ஷ்யாவும், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் 2016-ஆம் ஆண்டுத் திட்டமும் மத்திய அரசு வகுத்தவையே. பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவீத நிதியையும், வடகிழக்கு மற்றும் மலை மாநிலங்களுக்கு 90 சதவீதத்தையும் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக மத்திய அரசு தருகிறது. மாநிலங்கள் தத்தம் திட்ட அமலாக்க அறிக்கையில் கேட்டால்தான் பணம் வரும். மத்திய வழிகாட்டியில் இல்லாததைக் கேட்க மாநில அதிகாரிகள் பொதுவாகத் துணிவதில்லை.

எல்லா ஊர்களிலும் எல்லாப் பெண்களுக்கும் எபிடியூரல் என்று கோருவது இன்றைய நிலையில் வெற்று முழக்கமாகவே முடியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நிலை அப்படியல்ல. அங்கு மயக்கவியல் பட்டமேற்படிப்பு மாணவர்கள் இரவும் பகலும் பணியில் இருக்கின்றனர். ரத்தப் பரிசோதனைக் கூடமும் இயங்குகிறது. உயர் ரத்த அழுத்தம் முற்றிய பெண்கள் மாவட்டங்களிலிருந்து அனுப்பப்படுவதும் அங்குதான். மகப்பேறு தீவிரக் கண்காணிப்புப் பிரிவுகளை அமைக்க 2016-இல் மத்திய அரசு வழிகாட்டி வெளியிட்டு நிதியும் ஒதுக்கியது. அந்தப் பிரிவுகளில் உயர் ரத்த அழுத்தத்துடன் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு பெண்ணையும் முதல் சில மணி நேரத்துக்குள் மயக்கவியல் மருத்துவர் பார்க்க வேண்டும், தட்டணுக் கணக்கு எடுக்கப்பட வேண்டும், எபிடியூரல் பற்றி அவரிடம் அவரது மொழியில் சொல்லப்பட வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அனுப்பும் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, துணைக்கு உறவினரும் வாயு உருளையும், பெத்திடினையும் டிரமடாலையும் இத்தகைய பெண்களுக்குத் தவிர்க்கும் எச்சரிக்கையுமே இப்போதைக்கு எட்டக்கூடியவை.

கணக்கெடுப்பிலும் ஒரு மாற்றம் தேவைப்படும். மாவட்டந்தோறும் மாதந்தோறும் விவரம் திரட்டும் சுகாதாரத் தகவல் அமைப்பில், புதிதாக உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட கர்ப்பிணிகள் எத்தனை பேர், வலிப்புடன் வந்து சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர், சிசேரியன்கள் எத்தனை என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பிரசவ வலிக்கு நிவாரணம் பெற்றவர்களுக்கான கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. உறுப்பினர் ஒருவர் அவையில் அந்த எண்ணிக்கையைக் கேட்டாலும், மேசை மீது வைக்க அமைச்சரிடம் எதுவும் இருக்காது.